உறுமும் மோட்டாரும் இருநூறு ரூபாய் கண்டன்சரும்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவி, ரமலான் கணக்கு இவற்றைப் பற்றிப் பேசுவோம். இன்று கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டு வந்திருக்கிறோம். உயரம் ஒரு தேநீர் டம்ளர் அளவு. மேலே இரண்டு ஒயர். பள்ளிப் பாடநூலில் இதற்கு மின்தேக்கி என்று பெயர். கடையில் கெப்பாசிட்டர் என்பார்கள். நம் தெருவில் கண்டன்சர் என்றால்தான் புரியும். எல்லாம் ஒன்றுதான். இதன் விலை இருநூறு ரூபாய்க்குள். இது தெரியாததால் நம் அறக்கட்டளை 5,800 ரூபாயை வீணாக்கியது. பணம் போனதுகூடப் பெரிதல்ல. ஒரு பிள்ளையின் உயிருக்கு ஆபத்து வர இருந்தது. அதனால்தான் இதைச் சபையில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நடந்தது இதுதான். உப்பளத்தில் வேலை பார்த்து மௌத்தாகிவிட்ட ஒரு சகோதரரின் குடும்பம். தாயும் இரண்டு பெண் பிள்ளைகளும். நாம் கொடுத்த தையல் மெஷினில் அந்தத் தாய் தைத்துப் பிழைக்கிறார். அவர் வீட்டு ஒரு எச்.பி. மோட்டாரில்தான் பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் தண்ணீர் ஏறுகிறது. ஒருநாள் வந்து, "அண்ணே, மோட்டார் உறுமுது, ஓடல. காயில் எரிஞ்சுடுச்சுன்னு சொல்றாங்க" என்றார். காயில் கட்ட 2,800 ரூபாய் ஸதகா நிதியிலிருந்து கொடுத்தோம். நான்கு மாதம் கழித்து அதே பேச்சு, அதே உறுமல். இந்த முறை 3,000 ரூபாய். பில்லைப் பார்த்தோம், கையெழுத்துப் போட்டோம். வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை. ஒரே மோட்டார் ஏன் இரண்டு முறை எரிய வேண்டும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாவது முறை அவர் எங்களிடம் வரவில்லை. கேட்க வெட்கப்பட்டுவிட்டார். மூன்று வாரம் கழித்துத்தான் வேறொரு காரியமாகப் போன எங்கள் உறுப்பினர் ஒருவர் பார்த்தார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மூத்த பிள்ளை, மோட்டாரின் பின்மூடியைக் கழற்றிவிட்டு, தங்கச்சியைச் சுவிட்ச் போடச் சொல்லி, விசிறியை ஒரு குச்சியால் சுழற்றிவிடுகிறது. மோட்டார் ஓட ஆரம்பிக்கிறது. தரையெல்லாம் ஈரம். காலில் செருப்பு இல்லை. மோட்டாருக்கு எர்த் ஒயரும் இல்லை. பள்ளிக்கூடம் போகுமுன் தினமும் இப்படித்தான் மூன்று வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றியிருக்கிறது அந்தப் பிள்ளை. இதைக் கேட்டபோது எங்களுக்கு நெஞ்சு பதறியது.

ஐ.டி.ஐ. படித்த நம் தெருத் தம்பி ஒருவரை அழைத்துப் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "சாச்சா, ரெண்டு தடவை காயில் கட்டினீங்களே, கண்டன்சரை மாத்தினீங்களா?" என்பதுதான். மாற்றவில்லை. கழற்றி மீட்டரில் வைத்தார். மேலே 20 மைக்ரோ ஃபாரட் என்று அச்சிட்டிருக்கிறது. மீட்டரில் 11 காட்டியது. புதியது 180 ரூபாய். பத்து நிமிட வேலை. சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஓடியது, அல்ஹம்துலில்லாஹ்.

காயில் கட்டிய கடைக்காரரைக் குறை சொல்ல நாங்கள் இங்கு நிற்கவில்லை. அவரிடம் போய்ப் பேசினோம். "காயில் எரிஞ்சது நிஜம் பாய். கட்டிக் கொடுத்தேன். கண்டன்சரையும் பாருன்னு யாரும் சொல்லல, நானும் பழசையே மாட்டிட்டேன்" என்றார். காயில் எரிந்தது விளைவு, கண்டன்சர் கெட்டது காரணம். விளைவுக்கு இரண்டு முறை பணம் கொடுத்தோம், காரணத்தை ஒருமுறைகூடத் தேடவில்லை. அவர் செய்த பிழை ஒரு பங்கு என்றால், அமானிதப் பணத்தைக் கையில் வைத்திருந்த நாங்கள் செய்தது இரண்டு பங்கு.

இனி இந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். தாய்மார்களுக்கு எளிதாகவே புரியும். காலால் மிதிக்கும் தையல் மெஷினில் சில நேரம் மிதி ஒரு இடத்தில் நின்றுவிடும். எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் அசையாது. அப்போது என்ன செய்வீர்கள்? மேல் சக்கரத்தைக் கையால் லேசாகத் தள்ளிவிடுவீர்கள். பிறகு தானாகச் சுற்றும். நம் வீட்டுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் மின்சாரமும் அப்படித்தான். 230 வோல்ட், நொடிக்கு 50 சுற்று. அது மோட்டாருக்குள் காந்தத்தை முன்னும் பின்னுமாக மாற்றுகிறதே தவிர, எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று தள்ளிவிடுவதில்லை. அதனால் மோட்டாருக்குள் இரண்டாவதாக ஒரு காயில் சுற்றி, அதோடு கண்டன்சரை இணைத்திருக்கிறார்கள். கண்டன்சர் வழியாகப் போகும் மின்னோட்டம், முதல் காயிலின் மின்னோட்டத்துக்குச் சற்று முந்திக்கொள்கிறது. அந்த நேர வித்தியாசம்தான் சக்கரத்தைத் தள்ளிவிடும் கை. அந்தப் பிள்ளை குச்சியால் செய்த வேலையை இந்த டப்பா செய்ய வேண்டியிருந்தது.

கண்டன்சர் தளர்ந்துவிட்டால் மோட்டார் சுற்றாது, உறுமும். சுற்றாமல் நிற்கும் மோட்டார் வழக்கமாக இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சில நிமிடம் அப்படியே விட்டால் காயில் எரிந்துவிடும். இரண்டு முறை எரிந்தது இப்படித்தான். மூன்றாவது முறை எரியாததற்குக் காரணம், உறுமல் கேட்டதும் உடனே சுவிட்சை அணைக்க வேண்டும் என்று அந்தத் தாய் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்ததுதான். நீங்களும் இந்த ஒரு வார்த்தையை மட்டுமாவது இன்று வீட்டுக்கு எடுத்துப் போங்கள்: உறுமினால் அணை. மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள்.

நம் ஊரில் இது ஏன் அடிக்கடி கெடுகிறது? மரக்காணத்தின் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், பக்கத்தில் கழுவெளி. நாம் மூச்சு விடுவதே உப்புக் காற்று. கண்டன்சருக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய உலோகப் பூச்சு. எங்காவது ஒரு புள்ளியில் மின்சாரம் துளைத்தால், அந்த இடத்துப் பூச்சு மட்டும் ஆவியாகிப் பழுது தானே அடைபடும். ஒவ்வொரு அடைப்புக்கும் கொள்ளளவு துளித் துளியாகக் குறையும். வெயில் படும் இடத்தில் சூடு ஏற ஏற ஆயுள் குறையும். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுவான கணக்கு. உப்பு ஈரம் முனைகளைத் துருப்பிடிக்க வைக்கும். உள்ளே புகுந்தால் பூச்சையும் அரிக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி வெள்ளத்தில் நனைந்த மோட்டாரைக் காயவைத்து, சோதித்துப் பார்த்த பிறகே ஓட்ட வேண்டும். அதன் கண்டன்சரை மாற்றிவிடுவது நல்லது.

ஆனால் உறுமுகிற மோட்டார் எல்லாவற்றிலும் கண்டன்சர்தான் கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது. வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது வோல்டேஜ். மாலை நேரத்தில் 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், மோட்டாரின் தொடக்கத் திருப்புவிசை ஏறக்குறைய 60 சதவீதமாகக் குறைந்துவிடும். விடியற்காலையில் ஓடி, மாலையில் மட்டும் உறுமினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது சுழல் தண்டு. மின்சாரத்தை முழுதாகத் துண்டித்துவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பேரிங் போயிருக்கலாம், அல்லது பம்புக்குள் இம்பெல்லர் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். நம் தண்ணீரில் உப்பு இருப்பதால், இரண்டு மாதம் ஓட்டாமல் வைத்தாலே இது நடக்கும். வெளியூர் போகிறவர்கள் வாரம் ஒருமுறை இரண்டு நிமிடமாவது மோட்டாரை ஓட்டச் சொல்லி யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

மூன்றாவதுதான் கண்டன்சர். வோல்டேஜ் சரியாக இருந்து, தண்டும் லேசாகச் சுற்றி, போட்டால் உறுமுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். மேல்பக்கம் உப்பியிருக்கிறதா, எண்ணெய் கசிந்திருக்கிறதா, முனை கருகியிருக்கிறதா என்று பாருங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே தளர்ந்திருக்கலாம். கொள்ளளவு காட்டும் மீட்டரில் வைத்தால்தான் உறுதியாகத் தெரியும். அச்சிட்ட அளவுக்கு 5 சதவீதம் கூடக் குறைய இருப்பது வழக்கம். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

இப்போது ஆபத்தைப் பற்றி. இளைஞர்கள் நன்றாகக் கேளுங்கள். கண்டன்சர் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பொருள். இதன் மூதாதையான லைடன் ஜாடியை 1745, 1746 ஆண்டுகளில் ஜெர்மனியிலும் ஹாலந்திலும் கண்டுபிடித்தவர்களே அதில் கடும் ஷாக் வாங்கித்தான் அதன் பலத்தைத் தெரிந்துகொண்டார்கள். மெயினை அணைத்த பிறகும் இதற்குள் மின்சாரம் இருக்கலாம். ஸ்டார்ட் கண்டன்சரில் இந்த அபாயம் அதிகம். டெஸ்டரை வைத்துப் பார்த்து விளக்கு எரியவில்லை என்று நம்பிக் கை வைக்காதீர்கள். தேங்கிய மின்சாரத்தை டெஸ்டர் காட்டாது.

செய்முறை இதுதான். மெயின் சுவிட்சை இறக்குங்கள். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வேலை செய்யும்போது வீட்டில் வேறு யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாது. உலர்ந்த செருப்பு அணிந்து, உலர்ந்த பலகைமேல் நில்லுங்கள். ஹோல்டரில் மாட்டிய 60 வாட் குண்டு பல்பின் இரண்டு ஒயர்களையும், பிளாஸ்டிக் உறை உள்ள இடத்தில் பிடித்துக்கொண்டு, கண்டன்சரின் இரண்டு முனைகளிலும் சில நொடி தொட வையுங்கள். தேங்கியது பல்பு வழியாக வடிந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்து 'பட்' என்று வெடிக்க வைப்பது வீரமல்ல. கண்ணுக்கும் ஆபத்து, கண்டன்சருக்கும் கேடு.

கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்ற சண்டை வராது. இரண்டு ஒயர் மட்டும் உள்ள கண்டன்சரில் அவை இடம் மாறினாலும் பாதகமில்லை. ஆனால் நான்கைந்து ஒயர் உள்ள பேனல் பெட்டி என்றால் அனுபவம் இல்லாதவர்கள் தொடவே கூடாது. துருவைச் சுரண்டிவிட்டு, முனையை இறுக்கமாக மாட்டி, அதற்குப் பிறகு கொஞ்சம் வாஸலின் தடவினால் உப்புக் காற்று உடனே அரிக்காது. மூடியை மறக்காமல் போடுங்கள். எர்த் ஒயர் இல்லாத மோட்டாரை, கண்டன்சர் மாற்றிய சந்தோஷத்தில் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். மைக்ரோ ஃபாரட் எண் அதேயாக இருக்க வேண்டும். கடையில் எம்.எஃப்.டி. என்றும் சொல்வார்கள். 20 இருந்த இடத்தில் 36 போட்டால் இன்னும் வேகமாக ஓடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஓடாது. இரண்டாவது காயில் சூடேறி எரியும். வோல்ட் எண் 440 என்றால் 440 அல்லது அதற்கு மேல். 'நம் வீட்டுக்கு வருவது 230தானே' என்று குறைந்ததை வாங்காதீர்கள். காயிலோடு சேரும்போது கண்டன்சரின் இரு முனைகளுக்கிடையே வீட்டு மின்சாரத்தைவிட அதிக வோல்ட் எழும்.

ரன் கண்டன்சர் வேறு, ஸ்டார்ட் கண்டன்சர் வேறு. போர்வெல் பேனலில் பெரும்பாலும் இரண்டும் இருக்கும். ரன் என்பது மோட்டார் ஓடும் நேரமெல்லாம் வேலை செய்யும். ஸ்டார்ட் என்பது நூறுக்கு மேல் எண் போட்டிருக்கும், சில நொடிக்கு மட்டும் உரியது. ரன் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டார்ட்டை மாட்டினால் சூடாகி வெடிக்கலாம். உப்பளத்திலும் விவசாயக் கிணற்றிலும் இருக்கும் மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு, தொடங்குவதற்குக் கண்டன்சர் வேண்டியதில்லை. அங்கே வைப்பது பவர் ஃபேக்டர் என்ற வேறு காரியத்துக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதற்கும் பெரும்பாலும் உள்ளே இருக்கும் 2.5 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரே காரணம். மிக்சியில் இது இல்லை. அது கார்பன் பிரஷ் வைத்த வேறு வகை மோட்டார்.

இனி, அறக்கட்டளை என்ன செய்யப் போகிறது என்று சொல்ல வேண்டும். நிர்வாகக் குழுவில் பேசி நான்கு முடிவுகள் எடுத்திருக்கிறோம்.

ஒன்று, மோட்டார் பழுதுக்கு உதவி கேட்டு மனு வந்தால், பணம் கொடுக்குமுன் எங்களில் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். என்ன கெட்டது, ஏன் கெட்டது என்ற இரண்டும் மனுவில் எழுதப்படும். மாற்றிய பழைய பாகத்தை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

இரண்டு, கொள்ளளவு பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கி அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். கழற்றிய கண்டன்சரை யார் கொண்டு வந்தாலும் இலவசமாகப் பார்த்துச் சொல்வோம். எந்தச் சமயத்தார் என்று கேட்க மாட்டோம். கெட்ட கண்டன்சர் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரிதான் உறுமுகிறது.

மூன்று, அந்த ஐ.டி.ஐ. தம்பி ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் வகுப்பு நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறார். பெண்களுக்குத் தனி நேரம் உண்டு. எல்லாரும் மெக்கானிக் ஆக வேண்டும் என்பதற்காக அல்ல. எப்போது தானே செய்யலாம், எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் பார்த்துக் கற்கலாம், கை வைக்கக் கூடாது.

நான்கு, நாம் உதவி செய்யும் வீடுகளில் மோட்டாருக்கு எர்த் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத இடத்தில் போட்டுக் கொடுப்போம். முடிந்த வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் வைப்போம். முதல் வீடு, அந்தப் பிள்ளையின் வீடு. அங்கே வேலை முடிந்துவிட்டது.

சகோதரர்களே! மதீனாவில் மக்கள் தண்ணீருக்குக் கஷ்டப்பட்டபோது ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கியவர்கள் உஸ்மான் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள். ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் தண்ணீரை வீண்விரயம் செய்யக் கூடாது என்று கற்ற சமுதாயம் நாம். 1206ஆம் ஆண்டில் தம் நூலை முடித்த அல்ஜஸரீ என்ற முஸ்லிம் பொறியாளர், தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களையும் உளூவுக்குத் தண்ணீர் ஊற்றும் கருவியையும், மற்றவர்கள் பார்த்துச் செய்யும்படி அளவுகளோடு எழுதி வைத்தார். தண்ணீரை மக்களிடம் கொண்டு சேர்ப்பதும், அதற்கான வேலையை ஒளிக்காமல் சொல்லிக் கொடுப்பதும் நம்மிடம் இருந்த பழக்கங்கள். கிணறு தோண்டிக் கொடுப்பது ஸதகத்துல் ஜாரியா என்றால், நின்றுபோன மோட்டாரைச் சரியாக ஓட வைப்பதும் அதோடு சேர்ந்ததுதான் என்று நாங்கள் நம்புகிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தத் தாய் மூன்றாவது முறை எங்களிடம் வர வெட்கப்பட்டார் என்று சொன்னோமே, அதுதான் எங்களை அதிகம் வருத்தியது. இரண்டு முறை வாங்கிவிட்டோம், மூன்றாவது முறை கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று அவர் பயந்திருக்கிறார். நாங்கள் அப்படி நினைக்கும்படி எப்போதாவது நடந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப ஒரே உதவி தேவைப்படுகிறது என்றால், கேட்கிறவரிடம் குறை இருப்பதாக அர்த்தமில்லை. கொடுக்கிற நாங்கள் காரணத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். தயங்காமல் வாருங்கள்.

செலவு வைத்த 5,800 ரூபாயில் எங்கள் கவனக்குறைவால் போன இரண்டாவது தொகை 3,000 ரூபாயை நிர்வாகக் குழு உறுப்பினர்கள் சொந்தப் பணத்திலிருந்து ஸதகா நிதிக்குத் திருப்பிக் கட்டிவிட்டோம். ரசீது அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அல்லாஹ் நம் பிழைகளைப் பொறுத்து, நம் பிள்ளைகளைப் பாதுகாத்து, நம் ஊரின் தண்ணீரில் பரக்கத் செய்வானாக, ஆமீன்.